ஐசியுவில் கையைக் கட்டுவது: ஆள் பற்றாக்குறை ஒரு காரணமா?

நாடித்துடிப்பு:
வயதானவர் ஐசியுவில் ட்யூபைத் தொட்டால் போதும், காஜ் சுருளை எடுத்து இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு கட்டிவிடுகிறார்கள். விடியும்வரை அவிழ்ப்பதில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 97ஆம் பிரிவு என்ன சொல்கிறது? உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டலாம். ஆள் பற்றாக்குறை மட்டுமே அதற்குக் காரணமாகக் கூடாது. ஐசியுவுக்கும் இதையே அளவுகோலாக வைக்க வேண்டும்.

இரவுப்பணி:
சார், அது மனநல நிறுவனங்களுக்கான சட்டம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு 28 பேர் கருகிய கொடுமையை யாரும் மறக்கவில்லை. ஆனால் வென்டிலேட்டர் நோயாளி கதை வேறு. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் போட்ட குழாயை, அதன் நுனி பலூன் ஊதியிருக்கும்போதே பிடுங்கினால் குரல்நாண் கிழியலாம், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) சில நிமிடத்தில் சரியும், வீங்கிய தொண்டையில் மறுபடி குழாய் போடுவது பெரும்பாடு. பிரிட்டனில் கட்டுவதில்லையே என்பீர்கள். அங்கே வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ். இங்கே பல இடங்களில் இரவில் மூன்று பேருக்கு ஒருவர். முதல் படுக்கையில் சக்‌ஷன் (குழாயில் சேரும் சளியை உறிஞ்சுவது) செய்யும்போது மூன்றாம் படுக்கையின் கையை யார் பிடிப்பது?

முதுமைநலம்:
சிஸ்டர், நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை. ஆனால் கட்டினால் அது போய்விடுமா? தானே குழாயைப் பிடுங்கியவர்களில் பலர் அந்த நேரத்தில் கை கட்டப்பட்டிருந்தவர்கள்தான் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கை மேலே வராவிட்டால் உடம்பைக் கீழே சறுக்கி, தலையைக் குனிந்து, முகத்தைக் கையிடம் கொண்டுபோகிறார்கள்.

கை ஏன் அங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். சுகர், சாச்சுரேஷன் இரண்டையும் உடனே பார்க்க வேண்டும். அடுத்து அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். யூரின் ட்யூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தால் பை காலியாக இருக்கும், மூத்திரப்பை கல்லாக இருக்கும். அந்த மனிதர் எழுந்து போகத்தான் துடிக்கிறார். மலச்சிக்கல், வலி, கழற்றி வைத்த கண்ணாடியும் காது மிஷினும், இரவு முழுக்க எரியும் விளக்கு எல்லாமே குழப்பத்தைக் கூட்டும். ரத்தம் ஏற்றும் முன் பழக்கத்தில் போடும் அவில் என்ற அலர்ஜி ஊசியே முதியவர்களுக்குப் புத்தி தடுமாற்றம் தரும். இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர் மூன்றாம் நாள் நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றால் குடிப்பழக்கத்தை விசாரியுங்கள்; குடி திடீரென நின்றாலும் இப்படி வரும். அவருக்குத் தயமினும் (வைட்டமின் பி1) லோராசிபாமும் (பதற்றம் தணிக்கும் மருந்து)தான் வைத்தியம். கட்டிப்போட்டால் திமிறித் திமிறித் தசை நொறுங்கும், சிறுநீரகம் கெடும்.

பிறகு, அந்த ட்யூப் இன்னும் வேண்டுமா என்று தினமும் காலை ரவுண்ட்ஸில் கேட்க வேண்டும். வேண்டாத யூரின் ட்யூபைக் காக்க யாரையும் கட்டக் கூடாது. டிரிப் லைனை முழங்கைக்கு மேலே ஏற்றி, ரோலர் பேண்டேஜ் சுற்றி, முழுக்கைச் சட்டை போட்டால் பாதிப் பேர் அதை மறந்துவிடுவார்கள்.

இரவுப்பணி:
அவில் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். யூரின் ட்யூபும் சரி. ஆனால் கட்டாதே என்று உத்தரவு வந்த இடங்களில் மிடாசோலம் என்ற தூக்க மருந்து சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. அதுவும் கட்டுதானே? குழப்பம் கூடுகிறது, வென்டிலேட்டரில் இருக்கும் நாளும் கூடுகிறது. கயிறு கண்ணுக்குத் தெரியும், மருந்து தெரியாது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

முதுமைநலம்:
முழுக்கச் சரி. மருந்தையும் கட்டு என்றே கணக்கில் எழுத வேண்டும்.

வாய்க்குழாய் இருக்கும்போது கட்டியே தீர வேண்டிய சில மணி நேரம் வரலாம். அப்போதும் காஜ் வேண்டாம்; அது இழுக்க இழுக்க நூலாகி மணிக்கட்டை அறுக்கும். பஞ்சு வைத்த அகலப் பட்டை, இரண்டு விரல் நுழையும் இடைவெளி, ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு. முடிச்சைப் பக்கக் கம்பியில் போடாதீர்கள். கம்பியை இறக்கும்போது தோளே இழுபடும். கட்டிலின் சட்டத்தில் போடுங்கள். தலைப்பக்கம் 30 டிகிரி உயரம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விரல் நிறமும் சூடும் பார்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கையாக அவிழ்த்து மடக்கி நீட்ட வேண்டும். யாரையும் குப்புறக் கிடத்தி அழுத்தக் கூடாது, மூச்சு நின்றுவிடும்.

நாடித்துடிப்பு:
‘தேவைப்பட்டால் கட்டவும்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதும் பழக்கமும் ஒழிய வேண்டும். அந்த ஒரு வரி ஒரு வாரம் ஓடுகிறது. 97ஆம் பிரிவு கேட்பது முறை, காரணம், கால அளவு மூன்றும் உடனுக்குடன் பதிவாக வேண்டும் என்பது. நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும் என்பது. ஐசியுவில் இதைச் செய்ய எந்தச் செலவும் இல்லை.

இரவுப்பணி:
எழுதுகிறோம் சார். ஆனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கவும் கை வேண்டுமே? கட்டாமல் இருக்கவும் ஆள் வேண்டும், ஒழுங்காகக் கட்டவும் ஆள் வேண்டும்.

முதுமைநலம்:
ஆள் வெளியே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். நோயாளியின் மகளோ மகனோ எப்படியும் ராத்திரி முழுக்க அங்கேதான். பத்து மணியிலிருந்து முறை வைத்து ஒருவரை உள்ளே விடுங்கள். பழகிய குரல் ‘அப்பா, நான்தான்’ என்றால் கை தணியும்.

இரவுப்பணி:
தொற்று?

முதுமைநலம்:
கை கழுவ வைத்து, கவுன் போட்டு, பக்கத்துப் படுக்கையைத் தொட விடாமல் உட்கார வையுங்கள். சக்‌ஷன் நேரத்தில் வெளியே அனுப்பலாம். எந்த ட்யூபைத் தொடவே கூடாது, எந்தச் சத்தம் கேட்டால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இரவுப்பணி:
ஒரு படுக்கைக்கு ஒருவர் என்றால் முயலலாம். வென்டிலேட்டர் இல்லாத படுக்கைகளில் முதலில்.