முள்ளுக்கு அசராத சைக்கிள் டயர் எது?

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய பழைய 28 இன்ச் சைக்கிளில்தான் தினமும் காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூருக்கு வேலைக்குப் போகிறேன். இந்த மாதம் மட்டும் மூன்று பஞ்சர், மூன்றும் சீமைக்கருவேல முள். பஞ்சர் கடை அண்ணன் என்னைப் பார்த்தாலே தண்ணீர்த் தொட்டியை இழுத்து வைக்கிறார்!

டயர் ஓரத்தில் 28 x 1½, 40-635 என்று இருக்கிறது, அதாவது 40 மில்லிமீட்டர் அகலம், 635 மில்லிமீட்டர் ரிம். கடையில் காட்டும் 700சி டயர் 622 மில்லிமீட்டர் ரிம்முக்கானது, இதில் உட்காராது. பஞ்சர் தாங்கும் ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் டயர் 635 அளவிலும் வருகிறது. விலைதான் யோசிக்க வைக்கிறது.

பழைய டியூபை வெட்டி டயருக்குள் பட்டையாக வைத்து ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? முள் நிற்கிறதா? மிதிக்கக் கனமாகிவிடுமா? அப்புறம், வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் இந்த அளவில் கெட்டியான டயர் எங்கே கிடைக்கும்?