மாதவிடாய் நாள்களில் கூடும் மனச்சிதைவு அறிகுறிகள்: குருதிப் பரிசோதனை உதவுமா?

கேள்வி (சுன்னாகம்):
41 வயதான என் அக்கா, மனச்சிதைவு நோய்க்கு ரிஸ்பெரிடோன் எடுத்து வருகிறார். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் குரல்கள் கேட்பது கூடி, கிணற்றடிக்குப் போகவும் அஞ்சி அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். இப்போது நான்கு மாதங்களாக மாதவிடாயே வரவில்லை. ஹோர்மோன் அளவைப் பார்ப்பதில் பயன் உண்டா?

பதில் 1:
உண்டு, சகோதரி. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமினின் செயற்பாட்டை, பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜன் ஓரளவு சீராக்குவதாகக் கருதப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும் நாள்களிலும், மாதவிடாய் நிற்கும் வயதிலும் சில பெண்களுக்கு அறிகுறிகள் கடுமையாகின்றன. மெல்பேர்னில் மனநல மருத்துவர் ஜெயஸ்ரீ குல்கர்னி குழுவினர் மனச்சிதைவுள்ள 102 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான மருந்துடன் ஈஸ்ட்ராடியோல் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) தரும், தோலில் ஒட்டும் பட்டையும் பெற்றவர்களிடம் 28 நாள்களில் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் இரத்தக்கட்டி போன்ற ஆபத்துகள் உள்ளதால், அதை நீங்களாகத் தொடங்கவே கூடாது.

பதில் 2:
என் மனைவிக்கும் இதே மருந்தால் மாதவிடாய் நின்றது. மார்பில் பால் கசிந்ததை வெட்கத்தால் பல மாதங்கள் சொல்லாமல் இருந்துவிட்டார். பால் சுரக்கச் செய்யும் ஹோர்மோனான புரோலக்ரினை ரிஸ்பெரிடோன் உயர்த்தும். அது உயர்ந்தால் ஈஸ்ட்ரோஜன் குறையும், நாளடைவில் எலும்பும் தேயும். கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்து, புரோலக்ரினையும் தைரொயிட்டையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். மருந்தை மட்டும் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைப்பதா, வேறொன்றுக்கு மாற்றுவதா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. பால் கசிவு பற்றி அக்காவிடம் இன்றிரவே மெதுவாகக் கேட்கிறேன். கலண்டரில் குறித்துவைத்த நாள்களைக் கிளினிக் கொப்பியுடன் கொண்டுபோகிறேன்.