பழனிக்கு வரும் கூட்டம் பழனிக்கு என்ன தருகிறது?

அடிவாரத்தான் எழுதியது:

வேறொரு திரியில் நண்பர் ஒருவர், தைப்பூசத்துக்குத் திரளும் கூட்டத்தைப் பார்த்தால் பழனிக்காரர்கள் அத்தனை பேரும் வசதியாக இருக்க வேண்டுமே, அப்படியிருக்க அங்குள்ள கடைக்காரர்கள் எந்நேரமும் புலம்புவது ஏன் என்று கேட்டிருந்தார். கேள்வியில் நையாண்டி இருந்தாலும் விடை சொல்லத் தகுந்த கேள்விதான் என்பதால் இதைத் தனித் திரியாகத் தொடங்குகிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி பழனி நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 70,000. இதைப்போல் பல மடங்கு மக்கள் தைப்பூசம், பங்குனி உத்திர நாட்களில் ஊருக்குள் வந்து போகிறார்கள். ஆனால் வருகிறவர் எத்தனை பேர் என்பதைவிட, அவர்களில் எத்தனை பேர் ஓர் இரவாவது தங்குகிறார்கள் என்பதே ஊரின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. 693 படிகளையும் நடந்து ஏறிய காலத்தில், மாலையில் வந்து சேர்ந்து, தங்கத்தேர் பார்த்து, சத்திரத்திலோ விடுதியிலோ படுத்து, விடியற்காலையில் விசுவரூப தரிசனம் செய்து, மறுநாள் பஞ்சாமிர்தமும் விபூதியும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதே வழக்கமாக இருந்தது. 1966-இல் மலைமேல் ஆளேற்றிச் செல்லும் இழுவை ரயிலான வின்ச் வந்தது. 2004-இல் ரோப்கார் வந்தது. பொள்ளாச்சி – திண்டுக்கல் சாலையும் அகலமாயிற்று. கோயம்புத்தூரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் என்பதால், காலையில் காரில் கிளம்பும் குடும்பம் ரோப்காரில் ஏறிச் சாமி கும்பிட்டு, மலைமேல் அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. சுற்றுலாப் பேருந்துகளோ சமையல்காரரையும் அடுப்பையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. இவர்கள் உண்டியலில் போடுவது தேவஸ்தானத்துக்குப் போகிறது, விட்டுச் செல்லும் குப்பை நகராட்சிக்குப் போகிறது, நடுவில் இருக்கும் ஊருக்குக் கிடைப்பது ஒரு தேங்காய்ப் பழத் தட்டின் விலை.

இந்த நிலையில்தான் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024-இல் கிரிவலப் பாதையின் கடைகள் அகற்றப்பட்டன. தனியார் வாகனங்களும் தடுக்கப்பட்டன. வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அதைப் பேராசை என்று சொல்பவர்களின் வாதத்தை இங்கே கேட்க விரும்புகிறேன்.

கொங்குக்கணக்கு எழுதியது:

பேராசை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊர் என்பதை அடிவாரத்து நான்கு தெருக்களோடு நிறுத்திக்கொண்டு நீங்கள் போடும் கணக்கு குறைக்கணக்கு.

பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கொள்வோம். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் எல்லாம் சேர்ந்து ஒரு டப்பாவில் அடங்கும்போது, அதற்குள் எத்தனை பேருடைய கூலி இருக்கிறது என்று பாருங்கள். விருப்பாச்சி, சிறுமலைப் பகுதி மலைவாழை விவசாயிகளுக்கு இது நிலையான வாங்கல். ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சனிக்கிழமை நடக்கும் நாட்டுச்சர்க்கரை ஏலத்துக்குப் போய் நின்றால் தெரியும்: 60 கிலோ மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருக்கும், முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்திருப்பார்கள், தேவஸ்தானத்துக்கு என்று கொள்முதல் செய்ய ஆள் வந்திருக்கிறாரா என்பதை விவசாயிகள் முதலில் விசாரிப்பார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் அந்தக் கேள்விக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஆலை போட்டுச் சர்க்கரை காய்ச்சுகிறவரைக் கேட்டால்தான் விளங்கும்.

அன்னதானத்தைக் கடைக்காரர்களின் எதிரியாகக் காட்டுவதையும் ஏற்க முடியவில்லை. 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. அந்த அளவில் நாள்தோறும் உலை வைக்க அரிசியும் பருப்பும் காய்கறியும் யாரோ விளைவித்து, யாரோ ஏற்றி இறக்கித்தானே ஆக வேண்டும்? தேவஸ்தானக் கல்லூரிகளும் பள்ளிகளும் பாலிடெக்னிக்கும் பல்லாயிரம் கிராமத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கின்றன. உண்டியல் எண்ணும் நாளில் அந்தக் கல்லூரி மாணவர்கள்தாம் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். பணம் எங்கே போகிறது என்பதற்கு அதைவிடக் கண்கூடான காட்சி வேண்டுமா?

அடிவாரத்தான் எழுதியது:

கொங்குக்கணக்கு ஐயா, நீங்கள் சொன்னதில் கல்வி நிலையங்களைப் பற்றிய பகுதிக்கு மறுப்பில்லை. ஆனால் மற்றவை என் வாதத்துக்கே வலுச் சேர்க்கின்றன. கவுந்தப்பாடி விவசாயி நன்றாக இருக்கட்டும், மகிழ்ச்சி. அவர் பழனிக்காரர் இல்லை. தைப்பூச நெரிசலில் அவர் வீட்டு வாசலில் யாரும் படுத்து உறங்குவதில்லை, அவர் தெருவின் குடிநீர் வருவது தள்ளிப்போவதும் இல்லை. பலன் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பரவுகிறது, சுமை மட்டும் மலையைச் சுற்றி நிற்கிறது என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

எடப்பாடிக் காவடிக் குழுவை எல்லோருக்கும் தெரியும். தைப்பூசம் முடிந்து பல்லாயிரம் பேர் நடந்து வருகிறார்கள், மலைமேல் இரவு தங்கும் தனி உரிமை அவர்களுக்கு உண்டு. வேறு எந்தக் கூட்டத்தையும்விட நிதானமாக ஊரில் இருப்பவர்கள் அவர்களே. பஞ்சாமிர்தத்தை மட்டும் டன் கணக்கில் மலைமேல் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள்! அவர்களின் பக்தியை நான் குறை சொல்லவில்லை, அது மரபு. கூட்டம் பெரிதாக இருந்தால் வியாபாரமும் பெரிதாக இருக்கும் என்று வெளியூரில் இருந்துகொண்டு பெருக்கல் போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பாதயாத்திரி எழுதியது:

இதுவரை எழுதிய இருவரும் நடந்து வருகிறவனை ஒரு வாடிக்கையாளனாக மட்டும் பார்க்கிறீர்கள். செட்டிநாட்டிலிருந்து நாள் கணக்கில் நடந்து வருகிறவனுக்கு வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் சோறும் கொடுக்கிறார்கள். அப்படி வந்து சேர்ந்தவன் கிரிவலப் பாதையில் காலை வைத்தால், முன்பெல்லாம் என்ன நடந்தது? இரண்டு பக்கமும் கடைகள் பாதைக்குள் நீண்டிருக்கும், நடுவில் ஆட்டோவும் குதிரை வண்டியும் வேனும் ஒலி எழுப்பிக்கொண்டே வரும், கொப்புளம் வெடித்த காலோடு ஓரமாக ஒதுங்கவும் இடம் இருக்காது. தட்டு வாங்கு, மொட்டைக்கு வா, ரூம் வேண்டுமா என்று மூன்று பேர் பின்னாலேயே வருவார்கள். கிரிவலம் வருவதற்காகவே அமைந்த பாதை அது. நீதிமன்றம் அதை நடப்பவனுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நச்சரிப்பால் நொந்து போனவர் அடுத்த முறை எதையும் வாங்காமல் நேராகப் படியேறிவிடுவார் என்பதையும் வியாபாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சண்முகநதி எழுதியது:

யாத்திரி அண்ணன் சொல்லும் நெரிசல் உண்மை. ஆனால் அகற்றப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். பாதையை அடைத்துக் கூரை போட்டிருந்த பெரிய கடைக்கும், ஒரு சாக்கை விரித்துத் திருஷ்டிக் கயிறும் மயிலிறகும் விற்ற பெண்ணுக்கும் ஒரே அறிவிப்பு, ஒரே நாள். பெரிய கடைக்காரருக்கு அடிவாரத்தில் இன்னொரு கடையாவது இருக்கும். தரைக்கடைப் பெண்ணுக்கு ஆள் நடமாட்டமே கடை. நடமாட்டம் இல்லாத இடத்தில் மாற்று இடம் கொடுத்தாலும் அவருக்கு அதனால் பயன் இல்லை. பாதையைத் திறந்துவிட்டது சரி, இவர்களை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யாதது தவறு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும்.

என் கவலை முக்கியமாக வேறு இடத்தில் இருக்கிறது. பழனிக்குத் தண்ணீர் பாலாறு – பொருந்தலாறு அணையிலிருந்தும் கோடைக்கால நீர்த்தேக்கத்திலிருந்தும் வருகிறது. பங்குனி உத்திரமும், சித்திரை வைகாசியில் வரும் அக்னி நட்சத்திரக் கழுத் திருவிழாவும், தண்ணீர் குறையும் காலத்திலேயே வருகின்றன. அந்த நாட்களில் விடுதிகளுக்கும் பொதுக் கழிப்பறைகளுக்கும் போகும் தண்ணீர் இந்த ஊரின் வீடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. வையாபுரிக் குளத்தில் கழிவுநீர் கலக்கும் கதை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. சண்முகநதியிலும் இடும்பன் குளத்திலும் நீராடிய பின் விட்டுச் செல்லும் துணிகளை அள்ளுவது தூய்மைப் பணியாளர்கள். நகராட்சிக்கோ வரி செலுத்துவோர் இங்கே வசிக்கும் மக்களே, வந்துபோகிறவர்கள் இல்லை. ஆலயங்களுக்குச் சொத்துவரி விலக்கு உண்டு, அது இருக்க வேண்டியதும்தான். அப்படியானால் லட்சக்கணக்கானோருக்கான குழாயையும் சாக்கடையையும் 70,000 பேரின் வரியில் யார் போடுவது?

கொங்குக்கணக்கு எழுதியது:

சண்முகநதி அம்மா கேட்பது நியாயமான கேள்வி. அடிவாரத்தாரின் புலம்பலைவிட இது அடிப்படையானது. ஆனால் தேவஸ்தானம் கொடுக்கட்டும் என்று முடித்துவிட முடியாது. கோயில் பணம் சட்டப்படி சுவாமியின் பணம். உபரி நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்பதை 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் வரையறுத்திருக்கிறது. கல்வி நிலையம், ஆதரவற்றோர் இல்லம் போன்றவற்றுக்கு இடம் உண்டு. நகராட்சியின் வரவு செலவில் துண்டு விழுவதை அடைப்பதற்கு இடம் உண்டு என்று எந்த வழக்கறிஞரும் எளிதில் சொல்லமாட்டார்.

தங்கல் குறைந்துவிட்டது என்ற வாதத்துக்கும் ஒரு மறுப்பு. ஒருநாள் கூட்டம் என்பது ஆண்டு முழுவதும் வரும் கூட்டம். ஞாயிறு, கிருத்திகை, ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை மார்கழி என்று இப்போது ஓய்வான மாதம் அரிது. முன்பு இரண்டு திருவிழாக்களில் சம்பாதித்ததைப் பத்து மாதம் உட்கார்ந்து தின்ற நிலைமையைவிட இது மேல் இல்லையா? முடி இறக்கும் தொழிலாளர்களை எண்ணிப் பாருங்கள். 2021-இல் அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக் கட்டணம் நீக்கப்பட்டது; தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. தலைக்கு இவ்வளவு என்று பங்கு வாங்கியவருக்கு ஆளில்லாத வாரத்திலும் கையில் ஏதோ நிற்கிறது.

அடிவாரத்தான் எழுதியது:

அதே தொழிலாளரிடம் தைப்பூச வாரத்தின் கணக்கையும் கேளுங்கள். விடிய விடியக் கத்தி பிடித்த நாட்களுக்கும், ஈயோட்டிய நாட்களுக்கும் அதே 5,000. பக்தர் மனமுவந்து கையில் வைக்கும் காசை நம்பியே நெரிசல் நாளின் உழைப்பு போகிறது. வாங்குவது குற்றமாகவும் வாங்காவிட்டால் பட்டினியாகவும் ஆக்கிவிட்டு, பிறகு கட்டாய வசூல் என்று செய்தி போடுகிறார்கள்.

அன்றாடக் கூட்டம் என்பதும் பாதி உண்மைதான். கொடைக்கானல் போகிற வழியில் பழனியில் ஓர் இரவு என்று வந்தவர்கள் முன்பு நிறைய. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தபின், பயணத் திட்டத்தையே சுருக்கிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. மலைக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அதன் அதிர்வு அடிவாரத்து அறைவாடகை வரை வருகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை.

பஞ்சாமிர்தத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு தேவஸ்தானத்தின் பெயரில் இருக்கிறது. தலைமுறையாகப் பஞ்சாமிர்தம் போட்டு விற்ற தனிக் கடைகள் டப்பாவில் எந்தப் பெயரை அச்சிடலாம் என்ற கேள்வி இதனால் எழுகிறது. ஊரின் பெயருக்குக் கிடைத்த பெருமை ஊரின் தொழிலுக்கும் பயன்பட வேண்டுமானால், தரத்தைச் சோதித்து உள்ளூர்த் தயாரிப்பாளர்களையும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளிகளாகச் சேர்க்க வேண்டும். புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது.

காரைக்குடிப் பாதயாத்திரி எழுதியது:

சேர்க்கட்டும், ஆனால் சோதனை உண்மையான சோதனையாக இருக்க வேண்டும். பேரீச்சம்பழமும் சர்க்கரைப் பாகும் மட்டும் கலந்த டப்பாவை மலைவாழைப்பழப் பஞ்சாமிர்தம் என்று நம்பி வாங்கிச் சென்றவர்கள் எங்கள் ஊரில் பலர்.

சண்முகநதி எழுதியது:

கொங்குக்கணக்கு ஐயாவின் சட்டப் பதிலுக்குத் திரும்புகிறேன். கோயில் பணம் நகராட்சியின் துண்டை அடைக்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சண்முகநதியில் நீராடிவிட்டுத்தான் காவடி மலையேறுகிறது. அந்த நீரைச் சுத்தமாக வைப்பது பக்தருக்குச் செய்யும் பணியா, நகராட்சிப் பணியா? இடும்பன் குளக்கரையில் கழிப்பறை கட்டுவது? இவற்றைப் பக்தர் வசதி என்று வகைப்படுத்தினால் தேவஸ்தானம் நேரடியாகச் செய்யலாம், நகராட்சியின் கையில் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. மீதி, அதாவது குடிநீரும் நகரச் சாக்கடையும், மாநில அரசின் பொறுப்பு. பேருந்துக் கட்டணத்திலும், விடுதி வாடகையின் ஜிஎஸ்டியிலும், பெட்ரோல் வரியிலும் இந்தக் கூட்டத்தால் வருமானம் பெறுவது சென்னை. ஆண்டு மானியத்தை மக்கள்தொகையை மட்டும் வைத்துக் கணக்கிடாமல், திருவிழா நாட்களில் ஊருக்குள் இருக்கும் தலைகளையும் எண்ணிக் கொடுக்கச் சொல்லி நகர்மன்றம் கேட்கலாம். அதற்கு முதலில் ஒரு தைப்பூசத்துக்கு எத்தனை லாரித் தண்ணீர், எத்தனை டன் குப்பை, எத்தனை பணியாளர்களுக்குக் கூடுதல் கூலி என்ற கணக்கை நகராட்சி மக்கள் பார்க்க வெளியிட வேண்டும்.

கொங்குக்கணக்கு எழுதியது:

அந்தக் கணக்கு வெளியானால், தங்குகிறவர் எத்தனை பேர் என்பதையும் விடுதிப் பதிவேடுகளைக் கொண்டு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அடிவாரத்தார் சொல்வது சரியா, நான் சொல்வது சரியா என்பதை அப்போது இதே திரியில் வைத்துக்கொள்வோம்.