மறு: ‘ஸ்டே’: இருவா, நில்லா, பொறுவா?

அனைவருக்கும் வணக்கம்.

நாய்க்குட்டி பழக்கும் வகுப்புக்காக நாம் தமிழில் தொகுக்கும் கட்டளைச் சொற்களின் கைத்தாள் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாலு நாளாக நாயின் இளமைப் பெயர் குட்டியா குருளையா என்பதிலேயே நிற்கிறோம். மதுரை ஐயா காட்டியபடி ‘நாயே பன்றி புலிமுயல் நான்கும்’ குருளை என்றுதான் தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. கொஞ்சம் தள்ளி ‘குட்டியும் பறழும் கூற்றவண் வரையார்’ என்றும் அதுவே இடம் கொடுக்கிறது. ஆகவே குட்டி என்றே போடுகிறேன்.

‘ஏவற்சொல்’ என்றால் பில்லி சூனிய ஞாபகம் வருகிறது என்று கோவைத் தம்பி சொன்னது நியாயம். தலைப்பு ‘கட்டளைச் சொற்கள்’. ஆனால் ஏவல் வினைகளை அடுக்கும் நன்னூல் 137ஆம் நூற்பா ‘நட, வா’ என்றுதான் தொடங்குகிறது. விடு, போ, பார், கேள் எல்லாம் அதிலேயே உண்டு. நாய் பழக்குகிறவருக்கு இது பெரிய வசதி. விகுதி எதுவும் வேண்டாம், பகுதியே கட்டளை. கவ்விய செருப்பைப் போடச் சொல்ல ‘விடு’ போதாதா?

சிக்கல், உட்காரச் சொல்லும் ‘ஸிட்’, அசையாமல் அப்படியே இருக்கச் சொல்லும் ‘ஸ்டே’ இரண்டுக்கும் தமிழ்ச்சொல் காண்பதில்தான்.

‘ஸிட்’டுக்குச் சிலர் சொன்ன ‘அமர்’ அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் குட்டிக்குப் பொருள் தெரியாது, ஒலிதான் தெரியும். வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை ஒரே ஒலியைச் சொன்னால்தான் அது பிடித்துக்கொள்ளும். எந்தப் பாட்டி ‘அமர்’ என்பார்? போன ஞாயிறு வகுப்புக்கு வியாசர்பாடிப் பையன் ஒருவன் தெருவில் எடுத்த குட்டியோடு வந்தான். பொறை பிஸ்கட்டை அதன் மூக்குக்கு மேலே மெல்லத் தூக்கினான். தலை மேலே போகப் போக இடுப்பு தானாக இறங்கியது. பின்பக்கம் தரையைத் தொட்ட அந்த நொடியில் ‘குந்து’ என்றான், பிஸ்கட் வாய்க்குள் போய்விட்டது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு கையைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. குந்துதல் கொச்சை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பிட்டத்தைத் தாழ்த்தி முன்னங்கால் ஊன்றியிருக்கும் அந்த இருப்புக்கு இதைவிடத் துல்லியமான சொல்லைக் காட்டுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

‘ஸ்டே’வுக்கு ‘நில்’ ஒத்துவராது. உட்கார்ந்திருக்கும் குட்டியை எழுப்பவும் நமக்கு ஒரு சொல் வேண்டுமே. ‘அசையாதே’ நீளம். ‘பொறு’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் டீக்கடைப் பொறைக்குப் பழகிய குட்டி, முதல் அசை காதில் விழுந்ததும் ஓடி வந்துவிடுகிறது. மிஞ்சுவது ‘இரு’.

‘இரு’ ஒத்துவராது என்ற நாகர்கோவில் அக்காவின் மறுப்பில் வலு இருக்கிறது. அவர் ஊரில் ‘இரி’ என்றால் உட்கார். யாழ்ப்பாணத்திலும் ‘இருங்கோ’ அப்படித்தான். ‘இருக்கை’ என்ற சொல்லே அவர் பக்கம் நிற்கிறது. எங்கள் வகுப்பிலேயே கணவர் சென்னை, மனைவி நாகர்கோவில் என்று ஒரு வீடு. கணவர் ‘இரு’ என்று கையை விரித்துப் பின்னால் நகர்கிறார். மனைவி உட்காரச் சொல்லி ‘இரி’ என்று பிஸ்கட் காட்டுகிறார். அவர்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விடுகிறது. குழம்பிய நாய் கொட்டாவி விடும், அது தூக்கமல்ல.

இதுவரை குந்து–இரு பக்கம் ஏழு பேர், அமர்–நில் பக்கம் மூன்று பேர். வெள்ளி மாலைவரை பார்க்கிறேன். அக்கா, உங்கள் ஊருக்கு ‘இரி’ என்று தனித்தாள் அடிப்பதானால், ‘ஸ்டே’க்கு அங்கே என்ன சொல்வீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.