வாரத்துக்கு இருபது பாடமா, இருபது மணியா?

தேவகோட்டை வாத்தியார்:
நேற்று கானாடுகாத்தான் அன்பர் ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் காபி இறங்கவில்லை. "பிள்ளையை ஆங்கிலம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் பள்ளியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எங்கே சேர்த்தாலும் வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பு. கட்டணம் குறைந்த இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்" என்பது அவருடைய திருவாக்கு. ஐயா, விளம்பரத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தீர்களா? இருபது பாடம் என்றுதான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். ஒரு பாடம் 45 நிமிடம். இருபதை 45ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 15. வட்டிக் கணக்குப் பார்த்து ரங்கூன் வரை கடை வைத்த மண்ணில் பிறந்தவருக்கு இந்தப் பெருக்கல் வரவில்லையா?

கானாடுகாத்தான் வளவுக்காரர்:
வாத்தியாரையாவுக்கு வணக்கம். 45 நிமிடம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 50 நிமிடம் உண்டு, 55 உண்டு, முழு மணி நேரமும் உண்டு. என் தங்கை மகன் இங்கிலாந்தில் படித்த இடத்தில் காலை 9 மணிக்கு உள்ளே போனால் 1 மணிக்குத்தான் வெளியே வருவான். ஐந்து நாள், நாலைந்து இருபது. பெருக்கல் எனக்கும் வரும்.

தேவகோட்டை வாத்தியார்:
ஒன்பதிலிருந்து ஒன்று வரை நடுவில் இடைவேளையே கிடையாதா? நான்கு மணி நேரம் பையன் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தானா? இடைவேளையைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

டப்ளினில் ஒரு வேலங்குடி:
பெரியவர்களே, எந்த நாட்டு விசா, எந்த வகைப் படிப்பு என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு பேசினால் நல்லது. நான் இருக்கும் அயர்லாந்தில் ஆங்கிலப் படிப்புக்கு வந்தால் 25 வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம் குறைந்தபட்சம். அரசு வெளியிடும் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்க வேண்டும். வருகை 85 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆக, இங்கே 15 மணி என்பது ஏமாற்று இல்லை, சட்டம் கேட்கும் அளவு.

தேவகோட்டை வாத்தியார்:
பார்த்தீர்களா? டப்ளின் தம்பியே 15 என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

டப்ளினில் ஒரு வேலங்குடி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை ஐயா. அயர்லாந்தின் விதியைச் சொன்னேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
என் மகள் மெல்போர்னில் முதலில் ஆங்கிலப் படிப்பும் அதைத் தொடர்ந்து முதுகலையும் சேர்த்து ஒரே மாணவர் விசாவில் போனாள். ஆஸ்திரேலியாவில் அந்த ஆங்கிலப் படிப்பை எலிகோஸ் என்கிறார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் வகுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. பள்ளிக்கு கிரிகாஸ் பதிவு எண், அதாவது வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அரசாங்கம் தரும் பதிவு, இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்டினோம். மரக்காலைத் தலை தட்டி அளப்பவனும் உண்டு, குவித்து அளப்பவனும் உண்டு. அதை வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும். வாத்தியார் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை.

தேவகோட்டை வாத்தியார்:
ஆச்சி, ஆஸ்திரேலியாவைப் பற்றி நான் பேசவே இல்லை. "எங்கே சேர்த்தாலும்" என்றாரே, அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் ஆங்கிலம் படிக்கப் போனால் வகுப்பறைப் பாடம் வாரத்துக்கு 18 மணி நேரம் வேண்டும். அதுவும் கடிகார மணி. 20 பாடம், 45 நிமிடம் என்ற கணக்கோடு அங்கே போய் நின்றால் கதவு திறக்காது. அயர்லாந்தில் 15, அமெரிக்காவில் 18, ஆஸ்திரேலியாவில் 20. "எங்கே சேர்த்தாலும்" எங்கே போயிற்று?

கல்லுக்கட்டி:
வாத்தியாரிடம் பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் படித்தவன் நான். அங்கேயும் பாடவேளை 45 நிமிடம்தான். வருகைப் பதிவுக்குக் கொஞ்சம், சாக்பீஸ் வாங்கப் போன பையன் திரும்பி வரும்வரை கொஞ்சம், முந்தின நாள் கிரிக்கெட் ஆட்டத்துக்குக் கொஞ்சம். மீதி இருந்த நேரத்தில் செயப்பாட்டு வினை. அந்தக் கணக்கையும் 60ஆல் வகுத்துக் காட்டுவாரா?

தேவகோட்டை வாத்தியார்:
பெயரைச் சொல்லாமல் எழுதினாலும் நடையைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். கடைசி பெஞ்சு. தேறினீர்களா இல்லையா? தேறினீர்கள். அதோடு நிறுத்துங்கள்.

கானாடுகாத்தான் வளவுக்காரர்:
என் ஐயா கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக பர்மா போனவர். கடையில் கணக்கு எழுதிக்கொண்டே பர்மியப் பேச்சும் ஆங்கிலமும் கற்றார். எந்தப் பள்ளியில் எத்தனை நிமிடப் பாடம் என்று யார் அளந்தார்கள்? வெளியே நாலு பேரோடு பேசினால்தான் மொழி வரும். வகுப்பு 15 மணியானால் என்ன, 20 மணியானால் என்ன?

தேவகோட்டை வாத்தியார்:
நேற்று இருபது மணி என்று அடித்துச் சொன்னவர் இன்று எத்தனை மணியானால் என்ன என்கிறார். இதற்குப் பெயர்தான் வழுக்கல்.

கணக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். மொழித் திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில், தொடக்கத்திலிருந்து நடுத்தரமான பி1 நிலைக்கு வருவதற்குச் சுமார் 350 முதல் 400 மணி நேரப் பயிற்சி, அதற்கு அடுத்த பி2 நிலைக்கு மொத்தம் 500 முதல் 600 என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுக்காரர்கள் சொல்லும் உத்தேசக் கணக்கு. இங்கிலாந்தில் பட்டப் படிப்புக்கு மாணவர் விசா வாங்க பி2 வேண்டும். உங்கள் பிள்ளை பி1இல் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 12 வாரப் படிப்புக்குப் பணம் கட்டுகிறீர்கள். உண்மையிலேயே 20 மணி என்றால் 240. 15 மணி என்றால் 180. அறுபது மணி நேரம் காற்றில் போயிற்று. பதினைந்து மணிப் பள்ளியில் அது நான்கு வார வகுப்பு. அந்த நான்கு வாரத்துக்கு விடுதி வாடகையும் சாப்பாடும் யார் கொடுப்பார்கள்? பர்மா கடையா?

கானாடுகாத்தான் வளவுக்காரர்:
பர்மா கடையை இழுக்க வேண்டாம். போன வருஷம் பல்லவன் ரயில் விவாதத்திலும் இப்படித்தான் என் குடும்பத்தை இழுத்தீர்கள்.

கல்லுக்கட்டி:
பல்லவன் காரைக்குடியிலிருந்து புறப்படுகிறது என்பதே தேவகோட்டைக்காரர்களுக்கு ஆறாத புண். அவர்கள் ஸ்டேஷனுக்கு தேவகோட்டை ரோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரோடு மட்டும்தான் இருக்கிறது, தேவகோட்டையைத் தேடிப் போக வேண்டும்.

தேவகோட்டை வாத்தியார்:
விவாதம் ரயிலைப் பற்றி இல்லை. 45 நிமிடத்தைப் பற்றி. இன்னொன்றும் கேட்கிறேன். கட்டணம் குறைந்த இடம் என்று இவ்வளவு அக்கறையாகச் சொல்லும் வளவுக்காரருக்கு எந்த முகவர் அலுவலகத்தோடாவது தொடர்பு உண்டா? ஒரு பையன் சேர்ந்தால் தரகு எவ்வளவு?

கானாடுகாத்தான் வளவுக்காரர்:
வயதுக்கு மரியாதை கொடுத்து இத்தனை நேரம் ஐயா என்றேன். தரகு என்ற சொல்லைத் திரும்பப் பெறாவிட்டால் இனிமேல் வாத்தியார் என்று மட்டும்தான் எழுதுவேன்.

டப்ளினில் ஒரு வேலங்குடி:
இங்கிலாந்தில் விசாவே வேறுபடும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஆங்கிலப் படிப்பென்றால், அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பார்வையாளர் விசாவிலேயே படிக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் 11 மாதம் வரை என்றால் குறுகிய காலப் படிப்பு விசா. அதில் வேலை பார்க்க முடியாது, நீட்டிக்கவும் முடியாது. பகுதிநேர வேலையை நம்பிக் கடன் வாங்கிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், பாட நிமிடத்தில் இல்லை.

தேவகோட்டை வாத்தியார்:
தம்பி சொல்வது நல்ல தகவல். ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை.

டப்ளினில் ஒரு வேலங்குடி:
எனக்கு 52 வயது ஐயா. மகனைச் சேர்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டேன். தம்பி வேண்டாம்.

கோட்டையூர்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து நிபந்தனையோடு சேர்க்கைக் கடிதம் வந்திருக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணில் அரை பேண்ட் குறைகிறது. பட்டப் படிப்பு தொடங்குவதற்கு முன் பல்கலைக்கழகமே நடத்தும் ப்ரீ-செஷனல் ஆங்கிலப் படிப்பில் சேர்க்கலாமா, இல்லை இங்கேயே இன்னொரு முறை தேர்வு எழுதச் சொல்லலாமா?

பள்ளத்தூர் ஆச்சி:
ப்ரீ-செஷனலில் தேறிவிட்டால் மறுபடி ஐ.இ.எல்.டி.எஸ். வேண்டாம் என்று பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதுவது, விரிவுரை கேட்டுக் குறிப்பு எடுப்பது என்று பட்டப் படிப்புக்கு வேண்டியதைச் சொல்லிக் கொடுப்பார்கள். பொது ஆங்கிலப் பள்ளியில் அது அவ்வளவாகக் கிடைக்காது. ஆனால் செலவு அதிகம், அரை பேண்டுக்கு இங்கேயே ஒரு முறை முயன்று பார்ப்பதில் தவறில்லை.

தேவகோட்டை வாத்தியார்:
சேர்ப்பதற்கு முன் பாடம் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

கானாடுகாத்தான் வளவுக்காரர்:
வாத்தியார் அவர்களே, 55 நிமிடம் என்று போட்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

தேவகோட்டை வாத்தியார்:
18 மணி 20 நிமிடம். அப்போதும் இருபது இல்லை.

கானாடுகாத்தான் வளவுக்காரர்:
அமெரிக்கா கேட்கும் 18ஐத் தாண்டிவிட்டதல்லவா?

தேவகோட்டை வாத்தியார்:
நீங்கள் சொன்னது 20. தாண்டவில்லை. தரகுக் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

கல்லுக்கட்டி:
கோட்டையூர் அன்பரே, தனிச் செய்தி அனுப்புங்கள். இங்கே காத்திருந்தால் உங்கள் மகளின் சேர்க்கைத் தேதி முடிந்துவிடும்.