எழுத்து ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்: டிஸ்லெக்ஸியா அனுபவம்

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 38. எனக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தருகிற கற்றல் குறைபாடு, இருக்கிறது என்று தெரிந்தது நான்கு வருடத்துக்கு முன்னால்தான். மகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தோம். அவளைப் பற்றி அந்த மேடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ‘எனக்கும் அப்படித்தானே’ என்று மனசுக்குள் பதில் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் எனக்கும் பார்த்தார்கள்.

எழுத்து தலைகீழாகத் தெரியுமா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. கண் நன்றாகத் தெரிகிறது, காதும் நன்றாகக் கேட்கிறது. பார்த்த எழுத்தும் கேட்ட சத்தமும் ஒன்று சேரத்தான் நேரமாகிறது.

சீசனில் எடை போடுகிற அண்ணன் ரகத்தையும் கிலோவையும் கத்திச் சொல்வார், நான் சிட்டையில் எழுத வேண்டும். ‘நீலம்’ என்றால் கை தானாகப் போகும். ‘செந்தூரா’ என்றால் நின்றுவிடும். காதில் முதலில் விழுவது ‘ச’, கை முதலில் போட வேண்டியதோ ஒற்றைக்கொம்பு. ‘பெங்களூரா’ இன்னும் கஷ்டம். கொம்பு போதாதென்று, பல்லுக்கு எழுதுகிற அதே ‘ப’வுக்கு இங்கே வேறு சத்தம். கல்லுக்கு எழுதுகிற ‘க’வுக்கும் அப்படியே. மற்றவர்கள் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு பெட்டி தராசில் ஏறிவிடும்.

பஸ் ஸ்டாண்டிலும் இதே பாடுதான். ஒருமுறை காரிமங்கலம் போக வேண்டியவன், போர்டில் ‘கா’வை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறி, காவேரிப்பட்டணத்தோடு நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் ஊர் பெயரைக் கத்தினார், நானும் கேட்டேன். கேட்டதைப் போர்டோடு ஒட்டிப் பார்க்க முடியவில்லை.

2009-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் பெரியவர்களுக்கு மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எழுத்தையும் சத்தத்தையும் இணைக்கிற, காதை ஒட்டிய மூளைப் பகுதி டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்குக் குறைவாகவே வேலை செய்ததாம். மேடம் இதைச் சொன்னபோது அழுதுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ‘சோம்பேறி’ என்றுதானே பெயர் வாங்கியிருந்தேன்.

இப்போது போனைப் படிக்கச் சொல்லி, அதே வரியில் விரல் வைத்துக்கொண்டே போகிறேன். வேகத்தைக் குறைத்து வைத்தால் இரண்டும் சேர்ந்து வருகிறது.

பதில் (தருமபுரி):
அண்ணா, எனக்கு இது நேர்மாறு. காதில் ஓடும்போதே கண்ணாலும் படித்தால் இரண்டும் கலைந்துவிடுகிறது. முதலில் முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் சத்தத்தை நிறுத்திப் படிப்பேன். சினிமாவில் கீழே எழுத்து ஓடினால் அந்த இடத்தைத் துப்பட்டாவால் மறைத்துவிடுவேன். ஆளுக்கு ஆள் மாறும்போல. பாப்பாவுக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. நம் காலத்தில் அது இல்லை, அவளுக்காவது விட்டுவிடாதீர்கள்.

பதில் (கிருஷ்ணகிரி):
விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்மா. படிவத்தை அவளே சத்தமாகப் படித்தாள், நான் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. ஒரு கட்டம்கூடத் தப்பவில்லை.