காசநோய் இனம் பார்த்து வருமா?

நுண்ணோக்கி:
"காசநோய் வறுமையின் நோய், மரபணுவுக்கு அதில் வேலையே இல்லை" என்று ஆழி எழுதியிருக்கிறார். ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் 165 முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வை ஸ்டெட் குழுவினர் 1990இல் வெளியிட்டார்கள். சேரும்போது தொற்று இல்லாத 25,000க்கும் மேற்பட்டவர்கள். பின்னர் கறுப்பினத்தவரில் 13.8 சதவீதத்தினருக்கும் வெள்ளையரில் 7.2 சதவீதத்தினருக்கும் புதிதாகத் தொற்றியிருந்தது. ஒரே கூரை, ஒரே காற்று. இதில் வறுமை எங்கே வந்தது?

ஆழி:
அதே ஆய்வில் மற்றொன்றும் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? தொற்றியவர்களில் எத்தனை பேர் நோயாளி ஆனார்கள் என்று பார்த்தபோது இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. இல்லத்துக்கு வருமுன் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையும் ஒன்றல்ல.

"இனத்தின் பலவீனம்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கனடாவின் பழங்குடிக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள். 1907இல் மருத்துவர் பீட்டர் பிரைஸ் 15 உறைவிடப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டு வாங்கினார். 1,537 மாணவர்களில் 24 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் காசநோயால். அவர் குற்றம் சொன்னது குழந்தைகளின் இரத்தத்தை அல்ல, காற்றோட்டமில்லாத படுக்கையறைகளை.

வேர்:
காசநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஒரே அறையில் படுத்துறங்கிய அண்ணன் தம்பி இருவரைப் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்குச் சளி முழுக்கக் கிருமி. தம்பியின் எக்ஸ்ரேயில் ஒரு கீற்றுக்கூட இல்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு, ஆழி. ஆனால் நுண்ணோக்கி, அதை இனத்தின் மேல் ஏற்றாதீர்கள். டிஒய்கே2 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் காசநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. 2018இல் வெளியான முடிவு இது. அப்படிப்பட்டவர்கள் ஐரோப்பியரில் ஏறக்குறைய 600க்கு ஒருவர். கிழக்கு ஆசியாவில் மிக அரிது. வெள்ளையருக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம் என்பதற்கு இது நேர்மாறு அல்லவா?

நுண்ணோக்கி:
ஐரோப்பாவில் ஒரு விகிதம், கிழக்கு ஆசியாவில் வேறு விகிதம் என்று நீங்களே சொல்கிறீர்களே, மக்கள்தொகைக்கு மக்கள்தொகை மரபணு மாறுகிறது என்றுதானே அதற்குப் பொருள்? நான் கேட்பதும் அதை ஆராய வேண்டும் என்பதுதான். யாரையும் தாழ்த்தச் சொல்லவில்லை.

ஆழி:
"வேலையே இல்லை" என்று எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். ஆராயுங்கள். ஆனால் ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முடிவு 2023இல் வந்தது. அந்தக் குடும்பங்களில் யாருடைய மரபணுவையும் யாரும் மாற்றவில்லை.